பொதுக் கணக்கா, தனிக் கணக்கா: வரிப்பணத்தை எதில் போடுவது?

சாலையில் பள்ளத்தைப் பார்த்ததும் வண்டி வைத்திருப்பவர் கேட்கும் கேள்வி எந்த ஊரிலும் ஒன்றுதான்: "நான் கட்டின வரியெல்லாம் எங்கே போச்சு?" பெரும்பாலான நாடுகளில் அது பொதுக் கணக்குக்குப் போயிருக்கும். வருமான வரி, விற்பனை வரி, சுங்கம் எல்லாம் அங்கேதான் சேரும். பள்ளி, ராணுவம், கடனுக்கு வட்டி என்று ஆண்டுதோறும் பட்ஜெட்டில் பிரித்துக் கொடுப்பார்கள். இதற்குப் போட்டி தனிக் கணக்கு: இன்ன வரி இன்ன செலவுக்கு மட்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிடுவது. இரண்டுக்கும் நடுவே சமூகக் காப்பீட்டுச் சந்தா என்று ஒரு மூன்றாவது வழியும் உண்டு.

கேட்ட மாத்திரத்தில் தனிக் கணக்குதான் நியாயமாகத் தோன்றும். சாலையை யார் தேய்க்கிறார்களோ அவர்களே காசு கொடுக்கட்டும், அந்தக் காசு சாலைக்கே போகட்டும். அமெரிக்கா 1956ல் நெடுஞ்சாலை நிதியை உருவாக்கியது இந்த எண்ணத்தில்தான். பெட்ரோல் மீதான மத்திய வரி நேராக அதற்குப் போகும். சிக்கல் வேறு பக்கமிருந்து வந்தது. அந்த வரி கேலனுக்கு 18.4 சென்ட் என்று 1993ல் நின்றது, பிறகு அசையவில்லை. விலைவாசியோடு சேர்ந்து உயரும் ஏற்பாடும் அதில் இல்லை. சாலை போடும் செலவு ஏறிக்கொண்டே போனது. கார்களோ அதே பெட்ரோலில் கூடுதல் தூரம் ஓடத் தொடங்கின. 2008 முதல் பொதுக் கணக்கிலிருந்து பணம் ஊற்றித்தான் அந்த நிதியை ஓட்டுகிறார்கள்.

பிரிட்டனில் நடந்தது இதற்கு நேர்மாறு. 1920ல் போட்ட சட்டப்படி வாகன வரி தனிச் சாலை நிதிக்குப் போனது. வண்டிகள் பெருக, நிதியும் கொழுத்தது. அப்போது நிதியமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில், வண்டிக்காரர்கள் கட்டியதாலேயே அந்தப் பணம் அவர்களுக்குச் சொந்தமாகிவிடாது என்ற கட்சி. 1926ல் அதிலிருந்து ஒரு பகுதியைப் பொதுச் செலவுக்குத் திருப்பினார். 1937ல் அந்தத் தொடர்பையே அறுத்துவிட்டார்கள். ஆக, தனிக் கணக்கு வற்றினால் பொதுக் கணக்கிடம் கையேந்துகிறது. நிரம்பினால் பொதுக் கணக்கு அதில் கை வைக்கிறது.

இதைவிடச் சாமர்த்தியமான வழி ஒன்று இருக்கிறது. அதற்குச் சட்டத்தை மீற வேண்டியதே இல்லை. சுகாதாரத்துக்குப் பொதுக் கணக்கிலிருந்து 100 கோடி போகிறது என்று வைத்துக்கொள்வோம். "மருத்துவமனைகளுக்காக" என்று புகையிலை மேல் புது வரி போட்டு 10 கோடி வசூலிக்கிறார்கள். அந்தப் பத்தும் ஒரு பைசா குறையாமல் மருத்துவமனைக்கே போகிறது. தணிக்கையில் குறை சொல்ல இடமில்லை. ஆனால் அடுத்த ஆண்டு பொதுக் கணக்கு தன் பங்கை 90 ஆக்கிவிடுகிறது. மருத்துவமனைக்குக் கிடைப்பது அதே 100தான். மிச்சமான 10 கோடி எங்கே போனது என்பது அந்த வரியின் கணக்கில் எங்கும் தெரியாது.

பெயரை நம்பி ஏமாறுவதற்கு ஜெர்மனியில் இரண்டு நல்ல உதாரணங்கள் உண்டு. பேரரசின் கடற்படைக்குப் பணம் வேண்டும் என்று 1902ல் நுரைமது (ஷாம்பெய்ன் போன்ற நுரைக்கும் ஒயின்) மேல் வரி போட்டார்கள். பேரரசும் போய்விட்டது, அந்தக் கடற்படையும் போய்விட்டது. 1933ல் நீக்கி 1939ல் திரும்பக் கொண்டுவந்த அந்த வரி இன்றும் வசூலாகிறது, முக்கால் லிட்டர் பாட்டிலுக்கு ஏறக்குறைய ஒரு யூரோ. இரண்டாவது, 1991ல் வந்த ஒற்றுமை உபவரி. முன்பு தனி நாடாக இருந்த கிழக்குப் பகுதியைத் தூக்கி நிறுத்தத்தான் இது என்று மக்களில் பலர் நம்பினார்கள். சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே கிடையாது; பணம் முதல் நாளிலிருந்தே பொதுக் கணக்குக்குத்தான் போனது.

அப்படியானால் பொதுக் கணக்கே மேலா? பெருவாரியான செலவுகளுக்கு ஆம் என்பேன். நீதிமன்றம், தொடக்கப் பள்ளி, தொற்றுநோய்த் தடுப்பு இவற்றுக்கெல்லாம் "பயன்படுத்துபவரே கட்டட்டும்" என்று சொல்ல முடியாது. கட்ட முடியாதவருக்குத்தான் அவை அதிகம் தேவை. 2020ல் வந்ததுபோல் நெருக்கடி வந்தால் பணத்தை ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாகத் திருப்பவும் வேண்டும். பூட்டிவைத்த தனிக் கணக்குகள் நிறைய இருந்தால் அது நடக்காது. குறை என்னவென்றால், கட்டியவருக்குத் தன் காசின் தடம் தெரியாது. பட்ஜெட் ஆவணத்தைப் படிக்கப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்பதை அரசியல்வாதிகள் நன்றாகவே அறிவார்கள்.

சமூகக் காப்பீட்டுச் சந்தா பற்றிச் சுருக்கமாக. 1883ல் பிஸ்மார்க் காலத்து ஜெர்மனி நோய்க் காப்பீட்டில் தொடங்கிவைத்த முறை இது. சம்பளத்தில் ஒரு பங்கு பிடிப்பார்கள், முதலாளியும் ஒரு பங்கு போடுவார். அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் ஆளுக்கு 6.2 சதவீதம். நான் கட்டினேன், எனக்கு வரவேண்டும் என்ற உரிமை உணர்வு இருப்பதால் எந்த அரசும் இதைத் தொட அஞ்சும். ஓய்வூதியத்துக்கு இது பொருந்தும். ஆனால் ஓர் உச்சவரம்புக்கு மேல் போகும் சம்பளத்துக்குப் பிடித்தம் கிடையாது என்பதால், மிக அதிகம் சம்பாதிப்பவருக்கு விகிதம் குறைந்துகொண்டே போகிறது. வேலைக்கு ஆள் எடுப்பதன் செலவையும் இது கூட்டுகிறது.

தனிக் கணக்குக்கு நான் ஓட்டுப் போடும் இடமும் உண்டு: கட்டணமே மக்களின் நடத்தையை மாற்றும் இடம். லண்டன் 2003ல் நகர மையத்துக்குள் வரும் கார்களுக்கு நெரிசல் கட்டணம் விதித்தது. அதன் நிகர வருவாய் போக்குவரத்துக்குத்தான் என்று சட்டமும் சொன்னது. காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வா என்று சொல்லும்போது, பஸ்ஸுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று காட்டவும் முடிந்தது.

சாலைக்குக்கூடத் தனிக் கணக்கு சரிவரும், அளவுகோல் சரியாக இருந்தால். நியூசிலாந்தில் 1978 முதல் டீசல் வண்டிகளுக்கு எரிபொருளை வைத்து அல்ல, ஓடிய கிலோமீட்டரை வைத்தே கட்டணம். அது நிலப் போக்குவரத்து நிதிக்குப் போகிறது. பெட்ரோலே போடாத மின்சாரக் கார்களையும் 2024 ஏப்ரலில் அதே வரிசையில் சேர்த்துவிட்டார்கள்.