ஈத்டூல்: நல்ல கருவி, சின்ன எஸ் பெரிய எஸ்ஸில் மட்டும் கவனம்

மன்னார்குடிப் பக்கம் அரவை மில், உரக்கடை என்று நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். லினக்ஸ் மெஷின் உள்ள இடத்தில் நான் முதலில் அடிப்பது ஈத்டூல்தான். நெட்வொர்க் கார்டின் நிலையைக் காட்டவும் மாற்றவும் உதவும் கட்டளை அது.

போன தை அறுவடையில் ஒரு மில்லில் 16 கேமராவின் படமும் திக்கித் திக்கி வந்தது. வாசலில் எடைமேடைக்கு நெல் லாரிகள் வரிசை. "சுவிட்சை மாத்திடலாமா தம்பி?" என்றார் மேனேஜர். "இருங்கண்ணே" என்று சர்வரில் 'ஈத்டூல் ஈஎன்பி3எஸ்0' அடித்தேன். பின்னால் இருப்பது அந்த நெட்வொர்க் கார்டின் பெயர். ஸ்பீட் 100 (மெகாபிட்) என்று வந்தது. இரண்டு பக்கமும் கிகாபிட் போர்ட், 1000 காட்டியிருக்க வேண்டும். நூறுக்கு இரண்டு ஜோடி வயர் போதும், கிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். கேபிளின் ஆர்ஜே-45 பிளக் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பழுப்பு வயர் ஒன்று கடைசி வரை போய் முட்டவில்லை. வெட்டிப் புது முனையை அழுத்திப் பொருத்தி மறுபடி கிரிம்ப் செய்தேன். ஸ்பீட் 1000. சுவிட்ச் காசு மிச்சம்.

குறை என்றால் கட்டளையோடு சேர்த்து அடிக்கும் ஆப்ஷன் எழுத்துகள்தான். சின்ன கே கார்டின் வசதிகளைக் காட்டும், பெரிய கே அவற்றை மாற்றும். ஜி, சி, ஏ எல்லாம் அப்படியே. எஸ் மட்டும் தலைகீழ்: சின்ன எஸ் ஸ்பீடையே மாற்றும், பெரிய எஸ் புள்ளிவிவரம் காட்டும். ஓடுகிற சர்வரில் இந்தக் குழப்பம் ஆபத்து.

ஈத்டூலின் சோர்ஸ் கோடைத் திறந்து பார்த்தேன். ஒரு காலத்தில் நாம் அடிக்கும் எல்லா ஆர்க்யுமென்ட்டையும் (கட்டளைக்குப் பின்வரும் சொற்களை) ஒரே பெரிய ஃபங்ஷன் பிரித்துக்கொண்டிருந்தது. இப்போது ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஆப்ஷன், அதற்கான ஃபங்ஷன், உதவிக் குறிப்பு. படிக்கவே சுகமாக இருக்கிறது. முன்பு ஒரு சொல் தப்பினால் 'ஆர்க்யுமென்ட் தப்பு' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திவிடும். லினக்ஸின் மையமான கெர்னலோடு பேச நெட்லிங்க் என்ற வழி வந்தபின் எந்தச் சொல் புரியவில்லை என்று பெயரோடு சொல்கிறது. பாதி நேரம் இதில் மிச்சமாகிறது. எழுத்துகளை மட்டும் இனி மாற்ற முடியாது, எத்தனையோ பழைய ஸ்கிரிப்டுகள் அதை நம்பி ஓடுகின்றன.

அதனால் முழுப் பெயரையே அடியுங்கள்: --சேஞ்ச், --ஸ்டாட்டிஸ்டிக்ஸ், --ஷோ-ஃபீச்சர்ஸ். அப்புறம் --ஐடென்டிஃபை, நாலு போர்ட் உள்ள பெட்டியில் எது எது என்று தெரியாவிட்டால் அந்த போர்ட்டின் விளக்கைச் சிமிட்டிக் காட்டும். இந்த நாலையும் தாளில் எழுதி அந்த மில் சர்வர் மேல் ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.