பிரிண்டருக்கு ஐபி: கையால் போடுவதா, ரவுட்டரிடம் விடுவதா?

ஒரு திங்கட்கிழமை காலை எங்கள் அலுவலக பிரிண்டர் மக்கர் பண்ணியது. கேபிள் சரி, டோனர் சரி, பேப்பர் மட்டும் வரவில்லை. பிரிண்டருக்கு 192.168.1.20 என்று நான்தான் கையால் ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) போட்டிருந்தேன். ரவுட்டருக்கு அது தெரியாது. கடைசிப் பகுதியில் 2 முதல் 254 வரை எல்லாமே கொடுக்கத் தக்க எண்கள் என்றுதான் அதன் செட்டிங் இருந்தது. பிரிண்டர் அணைந்து கிடந்த நேரத்தில், முதலில் வந்தவரின் போனுக்கு அதே 20-ஐக் கொடுத்துவிட்டது. ஒரே எண்ணுக்கு இரண்டு பேர், அதுதான் மோதல்.

கையால் போடுவதில் உள்ள வம்பு இதுதான். எண் மாறாது, சர்வர் படுத்தாலும் கவலையில்லை. ஆனால் எதை எதற்குக் கொடுத்தோம் என்ற கணக்கு நம் தலையில். ரவுட்டருக்கும் டிஹெச்சிபி சர்வருக்கும் (எண்களைத் தானாகப் பங்கிட்டுக் கொடுப்பது; எங்களிடம் ரவுட்டரே அந்த வேலையைப் பார்க்கிறது) மட்டும் கையால் போடுங்கள், போதும்.

டிஹெச்சிபியில் அந்தக் கணக்கை சர்வர் பார்த்துக்கொள்கிறது. புதிதாக வந்த போன் ‘சர்வர் யாராவது இருக்கீங்களா?’ என்று ஊருக்கே கேட்கும்படி கத்தும். சர்வர் ஒரு எண்ணை நீட்டும். ‘அதையே எடுத்துக்கறேன்’ என்று போன் மறுபடி கத்தும். இரண்டு சர்வர் நீட்டியிருந்தால், தன்னுடையது வேண்டாமாம் என்று மற்றது தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கத்தல். கடைசியில் சர்வரின் ஒப்புதல். கிடைப்பது சொந்த வீடல்ல, வாடகை. 24 மணி நேர லீஸ் என்றால் வழக்கமாக 12-வது மணியிலேயே கொடுத்த சர்வரிடம் புதுப்பிக்கக் கேட்கும். பதில் இல்லையென்றால் 21-வது மணியில் எந்த சர்வரானாலும் சரி என்று இறங்கிவிடும். விண்டோஸில் 169.254 என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால், சர்வர் பதிலே சொல்லவில்லை என்று அர்த்தம்.

போன், லேப்டாப்புக்கு இதை விட்டால் வேறு வழி யோசிக்கவே வேண்டாம். பிரிண்டருக்கு மட்டும் உதைக்கும்: வாடகை வீடு மாறினால் எல்லா கணினியும் பழைய முகவரிக்கே பேப்பர் கேட்டுக்கொண்டிருக்கும்.

அதனால் என் ஓட்டு ரிசர்வேஷனுக்கு. இந்த மேக் அட்ரஸ் (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) வந்தால் இந்த எண் என்று ரவுட்டரிலேயே எழுதி வைப்பது. டிஹெச்சிபிக்கு முன்னோடியாக 1985-இல் வந்த பூட்பியும் இப்படி அட்டவணை வைத்துத்தான் ஓடியது. பழைய சரக்குதான், புது டப்பா. போனுக்கு ரிசர்வேஷன் போட்டால் மட்டும் கவனம்: இப்போதைய போன்கள் வைஃபையில் வேறொரு மேக் அட்ரஸைக் காட்டுகின்றன. பெட்டியில் அச்சிட்டதை நம்பாமல், ரவுட்டர் பட்டியலில் தெரிவதை எடுங்கள்.

பிரிண்டர் இப்போதும் 20-இல்தான் இருக்கிறது, பதிவோடு. ரவுட்டரை மாற்றினால் அந்த அட்டவணையும் போய்விடும் என்பதால், அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.