செம்மண் கல் வீட்டில் ஒன்பது வருடம்

2016-ல் வானூர் பக்கம் வீடு கட்ட ஆரம்பித்தபோது, "சூளையில வேகாத கல்லா? மழைக்குக் கரைஞ்சிடும் சார்" என்றார் மேஸ்திரி. வீடு கரையவில்லை. ஆனால் அவர் பேச்சில் கொஞ்சம் உண்மை இருந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

மண்ணைச் சுடாமல் அழுத்தியே கல் செய்யும் இந்த முறையை ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் என்ற மண் கட்டுமான நிறுவனம் 1989-லிருந்து பரப்பிவருகிறது. மனையில் தோண்டிய செம்மண்ணைச் சலித்து, மணலும் 5 சதவீதம் சிமெண்டும் கலந்து, கையால் இயக்கும் ஆரம் பிரஸ்ஸில் அழுத்திக் கல் எடுப்பார்கள். விறகு, நிலக்கரி எதுவும் வேண்டாம். நாலு வாரம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு நாள் தண்ணீர் தெளிக்க ஆள் வரவில்லை. அந்தக் கற்களின் முனை இன்றும் கை பட்டால் உதிர்கிறது.

சித்திரை வெயிலில் மாலை வரை வீடு குளுமை. ராத்திரி எட்டு மணிக்கு மேல் சுவர் தான் வாங்கிய சூட்டை உள்ளே விடும். ஜன்னலைத் திறக்காவிட்டால் புழுங்கித் தள்ளும்.

இப்போது மேஸ்திரி சொன்னது. கூரை இரண்டரை அடி வெளியே நீள வேண்டும் என்றார் ஆர்க்கிடெக்ட். காசு மிச்சம் பிடிக்க நான்தான் ஒன்றரை அடியாகக் குறைத்தேன். வடக்குச் சுவரில் சாரலும், தரையில் விழுந்து தெறிக்கும் தண்ணீரும் சேர்ந்து கீழ் இரண்டு வரிசையை அரித்துவிட்டன. அங்கே வெறும் சிமெண்ட் பூச்சு பூசியது அடுத்த தப்பு. ஒரே வருடத்தில் பாளம் பாளமாகக் கழன்றது. சுண்ணாம்பும் மண்ணும் கலந்த பூச்சுதான் நின்றது.

ஆனால் சுவரைவிட எனக்குப் பிடித்தது மண் எடுத்த குழி. "கெடுதலைக் குறைச்சா போதாது, எடுத்த இடத்துக்குத் திருப்பித் தரணும், அதுதான் ரீஜெனரேட்டிவ்" என்று ஆர்க்கிடெக்ட் விளக்கியபோது பாதிதான் புரிந்தது. இருபதடி நீளம், பன்னிரண்டடி அகலம், எட்டடி ஆழம். ஐம்பதாயிரம் லிட்டருக்கு மேல் பிடிக்கும். கூரைத் தண்ணீர் முழுக்க அதில்தான் இறங்குகிறது. நூறு சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஆயிரம் லிட்டர், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் வருடம் கொசு, அப்புறம் கப்பி மீன் விட்டோம். குழந்தைகளுக்காக வேலியும் போட்டோம்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் அடித்தபோது குழி தளும்பியது. முன்பெல்லாம் சித்திரையில் சேறாகக் கிடந்த எங்கள் கிணற்றில் இப்போதெல்லாம் அந்த மாதத்திலும் ஓரளவு தண்ணீர் நிற்கிறது, பக்கத்து வீட்டுக் கிணற்றிலும்தான். நல்ல மழை வருடங்களும் சேர்ந்தன. எல்லாப் புகழும் குழிக்கே என்று சொல்ல மாட்டேன்.

ஐப்பசிக்குள் வடக்குப் பக்கம் ஒரு சாய்ப்பு இறக்க வேண்டும். அதே மேஸ்திரிதான் வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்.