ஐந்து நிமிடப் பேச்சுக்கு எவ்வளவு எழுதுவது: பக்கமா, சொல்லா, கடிகாரமா?

திருமங்கலத்தில் இருக்கும் அக்கா மகள் பேச்சுப் போட்டிக்கு எழுதித் தரச் சொல்லி வந்து நின்றாள். தலைப்பு ‘மதுரையும் தமிழும்’. ஐந்து நிமிடம். நாலாவது நிமிடத்தில் ஒரு மணி, ஐந்தாவதில் இரண்டு மணி, அதைத் தாண்டினால் மதிப்பெண் போச்சு. “எத்தனை பக்கம் மாமா வரும்?” என்று கேட்டாள். அதே மாதம் நண்பர் ஒருவரின் பணி நிறைவு விழாவில் நானும் பேச வேண்டியிருந்தது. சரி, இரண்டுக்கும் சேர்த்தே பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பக்கக் கணக்கில் ஒன்றும் தேறாது. அவள் கையெழுத்தில் ஒரு பக்கத்துக்கு 110 சொல், என் கையெழுத்தில் 180. கணினியில் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினால் அதுவும் மாறிவிடும். விட்டுவிடலாம்.

சொல் கணக்கு அப்படியில்லை, பயன் உண்டு. ஆனால் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது, நான் நேராகப் போய் விழுந்தேன். நிமிடத்துக்கு 130 சொல் என்று எங்கேயோ படித்தது நினைவில் இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு 650 என்று எழுதி முடித்து, வாய்விட்டுப் படித்தால் எட்டு நிமிடம்! அந்த 130 ஆங்கிலத்துக்கான கணக்கு. ‘பேசிக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்பது நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் சொல்ல ஐந்தாறு சொல்லாவது வேண்டும். ஆபிரகாம் லிங்கனின் 1863 கெட்டிஸ்பர்க் உரை சுமார் 270 சொல், இரண்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிட்டது என்பார்கள். தமிழில் 270 சொல்லை வைத்துக்கொண்டு அந்த வேகத்தில் பேசினால் மூச்சு வாங்கும். எனக்கு நிமிடத்துக்கு 80 சொல்தான் வருகிறது.

இன்னொரு திருட்டு, எண்களில். பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கம் கண்டது 1901, இங்கே ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தது 1981. தாளில் இரண்டும் ஒவ்வொரு சொல். வாயில் ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்று’. ஆண்டுகள் நிறைந்த பேச்சு என்றால் சொல் எண்ணிக்கையை நம்பவே கூடாது. ‘நடுவர் பெருமக்களே, ஆசிரியப் பெருந்தகைகளே’ என்று தொடங்கும் அவை வணக்கத்தையும் யாரும் எண்ணுவதில்லை. அது மட்டுமே இருபது நொடி.

மூன்றாவது, செல்பேசியில் நேரம் ஓடவிட்டுப் படித்துப் பார்ப்பது. என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் நிபந்தனையோடு. மனதுக்குள் படித்தால் கணக்கில் சேராது. எழுதியவன் படித்தாலும் சேராது, மேடையேறுகிறவர்தான் நின்றபடி படிக்க வேண்டும். 400 சொல்லாக வெட்டிக் கொடுத்தேன். தாளைப் பார்த்துப் படித்தபோது அவளுக்கு ஐந்து நிமிடம் பத்து நொடி. மனப்பாடம் ஆன பிறகு நாலு நிமிடம் இருபது நொடி. பிள்ளைகளுக்கு மனப்பாடம் ஆனதும் வேகம் கூடிவிடுகிறது. அதனால் முதல் நாள் அளந்து திருத்துவது வீண் வேலை. மனப்பாடம் ஆன பிறகு அளந்தால்தான் எதைச் சேர்ப்பது, எதை வெட்டுவது என்று தெரியும்.

குறிப்புச் சீட்டோடு போவதும் ஒரு வழிதான். பணி நிறைவு விழாவுக்கு அப்படித்தான் போனேன். ஐந்து குறிப்பு, குறிப்புக்கு ஒரு நிமிடம் என்று மனக்கணக்கு. பெரியார் பஸ் ஸ்டாண்டில் நானும் நண்பரும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட கதை ஒன்றே ஆறு நிமிடம் இழுத்தது. கூட்டம் சிரித்தது, எனக்கும் உற்சாகம் ஏறிவிட்டது. பதினான்கு நிமிடம் ஆனபோது பின்வரிசையில் இலை போடும் சத்தம் கேட்டது. மதுரையில் பந்திக்கு முன் பேசுகிறவன் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டாமா? சீட்டோடு பேசுவதில் உயிர் இருக்கிறது, மறுக்க மாட்டேன். ஆனால் மணி அடிக்கும் மேடைக்கு அது ஆகாது. மணி அடிக்காத மேடையிலும், கதைக்கு இத்தனை நிமிடம்தான் என்று சீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது நல்லது.

இப்போது அடுத்த போட்டிக்கு எழுத உட்கார்ந்திருக்கிறோம். “மாமா, வருஷத்தையெல்லாம் எழுத்தில் எழுதிட்டு அப்புறம் எண்ணுவோமா?” என்கிறாள்.