10 மாதச் சராசரியை நம்பி ஐந்தரை ஆண்டுகள்

2019 தீபாவளியன்று சந்தை கொஞ்ச நேரம் மட்டும் திறக்கும் முகூர்த்த டிரேடிங்கில் நிஃப்டி பீஸ் வாங்கித் தொடங்கினேன். 50 பெரிய நிறுவனப் பங்குகளின் குறியீடான நிஃப்டியோடு சேர்ந்து ஏறி இறங்கும் ஃபண்ட் அது, பங்கு போலவே வாங்கி விற்கலாம். சந்தை போகிற திசையிலேயே போகும் என் டிரெண்ட் ஃபாலோயிங்குக்கு விதி ஒன்றுதான். மாதக் கடைசியில் நிஃப்டி எங்கே முடிந்ததோ, அதைக் கடைசி 10 மாத முடிவுகளின் சராசரியோடு ஒப்பிடுவேன். மேலே இருந்தால் கை வைக்க மாட்டேன். கீழே போனால் அடுத்த வர்த்தக நாள் காலையில் மொத்தத்தையும் விற்று, ஏற்ற இறக்கம் குறைவான குறுகிய காலக் கடன் பத்திரங்களில் போடும் லிக்விட் ஃபண்டில் போடுவேன். மறுபடி மேலே வந்தால் வாங்குவேன். பையனின் பழைய கணக்கு நோட்டும் ஒரு கால்குலேட்டரும் போதும். (கீழே வருவதெல்லாம் மாத முடிவு எண்கள், எனக்குக் கிடைத்த விலை கொஞ்சம் முன்பின் இருக்கும்.)

நாலே மாதத்தில் சோதனை வந்தது. 2020 பிப்ரவரி 11,201-ல் முடிந்தது, சராசரிக்கு நன்றாகவே கீழே. விற்றேன். மார்ச் 23 அன்று ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்து 7,610. "மாமா, நீங்க ஜோசியம் பார்ப்பீங்களா?" என்று மச்சினன் போன் போட்டான். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறத்தான் செய்தது.

ஆனால் ஜூலை முடிவில்தான் விதி 'வாங்கு' என்றது. அப்போது நிஃப்டி 11,073. 11,201-ல் விற்றதை 11,073-ல் வாங்கினேன்! அத்தனை பெரிய சரிவில் எனக்கு மிஞ்சியது நூற்றுக்கு ஒரு ரூபாய். இதை மச்சினனிடம் இன்றுவரை சொல்லவில்லை. தொற்று ஏறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் வாங்கும் பட்டனைத் தொடவே கை வரவில்லை. விற்றது அதைவிட எளிது.

அதன்பின் 19 மாதம் நோட்டில் கூட்டல் மட்டும்தான். சுகமான காலம்.

2022 பிப்ரவரி முடிவு 16,794. சராசரி 16,796. வெறும் இரண்டு புள்ளி! மூன்று முறை கூட்டிப் பார்த்தேன். விதி விதிதான் என்று விற்றேன். மார்ச் 17,465-ல் முடிய, நாலு சதவீதம் அதிகம் கொடுத்துத் திரும்ப வாங்கினேன். ஏப்ரலில் 20 புள்ளி கீழே, மறுபடி விற்பனை. ஜூலையில் கிட்டத்தட்ட அதே விலைக்கு வாங்கினேன். 2023-இல் 17,304-ல் விற்று 18,065-ல் வாங்கியபோது வீட்டில், "சும்மா இருந்திருக்கலாம்ல?" என்றார்கள். பதில் சொல்ல ஒன்றுமில்லை.

விதி உண்மையில் கைகொடுத்தது 2024 ஜூன் 4 அன்று. தேர்தல் முடிவு நாளில் சந்தை ஏறக்குறைய ஆறு சதவீதம் சரிந்தது. மாத நடுவில் பார்க்கக் கூடாது என்பதால் நான் பார்க்கவில்லை. மாத முடிவில் நிஃப்டி 24,000-ஐத் தாண்டியிருந்தது.

கடைசியாக 2024 டிசம்பரில் 23,645-ல் வெளியேறி, 2025 ஏப்ரலில் 24,334-ல் உள்ளே வந்தேன். ஆக ஐந்து முறை வெளியேறியதில் மலிவாகத் திரும்பி வந்தது ஒரே முறை. வரி தனி. ஓராண்டுக்கு மேல் வைத்து விற்ற லாபத்துக்கு, விலக்கு போக, முன்பு 10 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் 12.5. விற்காமல் இருந்தவருக்கு அந்தச் செலவும் இல்லை.

இருந்தும் விடவில்லை. 2008 போல மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டு இறங்கும் சந்தையில்தான் இந்த விதிக்கு வேலை. சடாரென்று விழுந்து எழுவதில் இல்லை. அதனால் இப்போது பாதிப் பணத்துக்கு மட்டும் நோட்டு. மீதி, மாதாமாதம் ஒரே தொகை போடும் எஸ்.ஐ.பி.யில் கிடக்கிறது. அதை நான் கூட்டிப் பார்ப்பதில்லை.