உரிமத்துக்கு ஒப்புதல் தருவது யார்: அமைச்சரா, அதிகாரியா, ஆணையமா?

உரிமம் வழங்கும் அதிகாரம் அமைச்சரிடமே இருக்க வேண்டும் என்போரின் வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அவர் சட்டமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர், மக்களால் மாற்றப்படக் கூடியவர். ஆனால் ஒவ்வொரு விண்ணப்பமும் அவர் மேசைக்குச் செல்லும்போது, விதியை வகுப்பவரே அதன் பயனாளியையும் தேர்ந்தெடுப்பவராகிவிடுகிறார். இந்தியாவில் 2008 ஜனவரியில் வழங்கப்பட்ட 122 தொலைத்தொடர்பு உரிமங்களை உச்ச நீதிமன்றம் 2012 பிப்ரவரியில் ரத்து செய்தது. அது தொடர்பான குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோரை 2017இல் சிறப்பு நீதிமன்றம் விடுவித்தது என்பதும் உண்மையே. எனினும், இந்த உரிமங்களுக்கு 2007 அக்டோபர் 1 வரை விண்ணப்பங்களைப் பெற்றுவிட்டு, செப்டம்பர் 25 வரை வந்தவற்றை மட்டும் கணக்கில் கொள்ளத் தொலைத்தொடர்புத் துறையால் முடிந்தது. குற்றம் நிரூபிக்கப்படாத இடத்திலும் அமைப்பு பழுதாக இருக்கக்கூடும்.

துறை அதிகாரியிடம் விடுவது, ஓட்டுநர் உரிமம் போல நிபந்தனைகள் திட்டவட்டமாகவும் விண்ணப்பங்கள் ஏராளமாகவும் உள்ள இடங்களுக்குப் பொருந்தும். முன்னுதாரணம் இல்லாத விண்ணப்பம் வந்தால், பின்னாளில் விசாரணை வருமோ என்ற அச்சத்தில் அவர் கோப்பை மேலே அனுப்பிவிடுவார்.

ஆணையங்களிலும் பல வகை உண்டு. 1949ஆம் ஆண்டின் வங்கி ஒழுங்குமுறைச் சட்டப்படி வங்கி உரிமத்தை ரிசர்வ் வங்கியே வழங்குகிறது. 1997இல் உருவான தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமோ உரிமம் குறித்துப் பரிந்துரைக்க மட்டுமே முடியும், அரசு அதை ஏற்காமலும் போகலாம். பரிந்துரையோடு நிற்கும் ஆணையம், என் பார்வையில், அமைச்சரின் முடிவுக்கு ஒரு கவசமாகவே முடிகிறது. முழு அதிகாரம் பெற்ற ஆணையத்துக்கும் ஓர் ஆபத்து உண்டு: தான் கண்காணிக்கும் நிறுவனங்களோடு நாளும் பழகி, அவற்றின் கண்ணாலேயே பார்க்கத் தொடங்கிவிடும். அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையத்தின் ஐந்து உறுப்பினர்களில் ஒரே கட்சியினர் மூவருக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி கட்சிச் சாய்வைத் தடுக்கலாம், இந்த நெருக்கத்தைத் தடுக்காது.

உள்ளாட்சியும் ஒரு வழியே. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மதுக்கூட உரிமம், 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நீதித்துறை நடுவர்களிடமிருந்து உள்ளாட்சி மன்றங்களுக்கு மாறியது. மேல்முறையீடு மட்டும் நடுவர் நீதிமன்றத்திலேயே நின்றது.

அலைக்கற்றை, கனிமம் போன்ற அரிய வளங்களில் நான் ஆணையத்தையே தேர்வேன். அமைச்சர் விதிகளை முன்கூட்டியே வெளியிடட்டும், தனி விண்ணப்பங்களைத் தொடாதிருக்கட்டும், ஒவ்வொரு மறுப்புக்கும் எழுத்துபூர்வமான காரணமும் மேல்முறையீடும் இருக்கட்டும். ஆயுத ஏற்றுமதி போல வெளியுறவோடு பிணைந்த உரிமங்களில் மட்டும் அமைச்சரே கையொப்பமிட்டு, அவையில் அதற்கு விளக்கம் தர வேண்டும்.