சிலிண்டரா, எல்-15 மீடியாவா: சின்ன லேபுக்கு எது தோது?

புதுச்சேரியில் சின்னதாக ஒரு செல் வளர்ப்பு லேப் போடும்போது இரண்டு வழிகள் முன்னால் நின்றன. ஒன்று, டிஎம்இஎம் என்ற மீடியாவும் (செல்கள் வளரும் சத்துத் திரவம்), சிலிண்டரிலிருந்து வாயு ஏற்றும் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரும் (செல்களை இதமான சூட்டில் வைக்கும் பெட்டி). மற்றது, சாதாரணக் காற்றிலேயே பிஎச் (அமில-கார அளவு) நிலைத்து நிற்கும் எல்-15 என்ற மீடியா. நாங்கள் எடுத்தது எல்-15. அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று ஒளிக்கப் போவதில்லை.

பிஎச் 7.2-க்கும் 7.4-க்கும் நடுவில் நிற்க வேண்டும் என்பது தெரிந்த கதை. 0.3 இறங்கினாலே ஹைட்ரஜன் அயனி இரண்டு மடங்காகிவிடும். செல்களோ குளுக்கோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தை விட்டுக்கொண்டே இருக்கும்.

டிஎம்இஎம்மில் பிஎச்சைப் பிடித்து வைப்பது லிட்டருக்கு 3.7 கிராம் பைகார்பனேட். சுற்றிலும் 5 முதல் 10 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு இல்லாவிட்டால் அதன் பிடி நழுவும். ஃபிளாஸ்க்கை வெளியே எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்தாலே சிவப்பு மீடியா ஊதா பக்கம், அதாவது காரப் பக்கம், போகத் தொடங்கும். பிஎச்சைத் தாங்கும் ஹெபஸ் என்ற பொருளைச் சேர்த்தால் கொஞ்சம் தாங்கும், ஆனால் வெளிச்சம் பட்டால் அதிலிருந்து செல்களுக்கு ஆகாத ஹைட்ரஜன் பெராக்சைடு உருவாகும்.

சரி, சிலிண்டருக்கு வருவோம். எங்கள் முடிவே அதில்தான். உள்ளே இருப்பது திரவமான கார்பன் டை ஆக்சைடு. அது முழுக்க ஆவியாகும்வரை மீட்டர் முள் பெரிதாக அசையாது, அப்புறம் மளமளவென்று இறங்கிவிடும். மிச்சம் எவ்வளவு என்று அறிய எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். கைவசம் இன்னொரு சிலிண்டர், ரெகுலேட்டர், கசிவுக்குச் சோப்புத் தண்ணீர் சோதனை என்று வேலை நீளும். மேலே நம் ஊர் மழைக்காலம் வேறு. 2011-இல் வந்த ‘தானே’ புயல், 2024-இல் வந்த ‘ஃபெஞ்சல்’ மாதிரி ஒன்று அடித்தால் கரண்டும் இருக்காது, ரீஃபில் வண்டியும் வராது.

1963-இல் லெய்போவிட்ஸ் வெளியிட்ட எல்-15இல் பைகார்பனேட்டே இல்லை. பாஸ்பேட்டும் அர்ஜினின் போன்ற அமினோ அமிலங்களும் பிஎச்சைத் தாங்குகின்றன. குளுக்கோஸ் இருக்க வேண்டிய இடத்தில் கேலக்டோஸ், அதனால் லாக்டிக் அமிலமும் குறைவு. மூடியை இறுக்கித் திருகி குரங்குச் சிறுநீரகத்திலிருந்து வந்த வெரோ செல்களை 37 டிகிரியிலும், கொசுவின் சி6/36 செல்களை 28 டிகிரியிலும் வைக்கிறோம். கரண்ட் போனால் சூடு இறங்கி வளர்ச்சி தளரும், ஆனால் அதனால் பிஎச் கெடுவதில்லை. இதே எல்-15-ஐக் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரில் வைத்தால் மட்டும் அமிலமாகி மஞ்சளடித்துவிடும்.

குறையும் உண்டு. எங்கள் வெரோ செல்கள் இதில் சற்று நிதானமாகத்தான் பெருகி ஃபிளாஸ்க்கை நிரப்புகின்றன. ஸ்டெம் செல், திசுவிலிருந்து நேரடியாக எடுக்கும் செல் எதையும் நாங்கள் வளர்த்ததில்லை. அந்த வேலை என்றால் கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டரையே வாங்குங்கள். வாங்குமுன், நவம்பர் மழையில் சிலிண்டர் கொண்டுவந்து இறக்குவார்களா என்று ஏஜென்சியிடம் கேட்டுவிடுங்கள்.